கம்பெனிப் பெயர் வருவதற்கு முன்

பாங்காக்கில் சீலோம் சாலைக்குப் பின்னால் கல் வியாபாரிகள் குடியிருக்கும் சந்தில், மழை விட்டும் தரை காயாத ஒரு சாயங்காலம், தரகர் நெய்னா முகம்மதுவின் மனைவி ஜெய்னம்பு டி.வி.யில் ஒரு இன்ஷூரன்ஸ் விளம்பரம் பார்த்து அழுதாள். அவள் கன்னத்தில் உருண்ட கண்ணீர்த் துளி தாடையைத் தாண்டித் தரையில் விழுந்தபோது 'டிக்' என்று சத்தம் கேட்டது. ஏன் அழுகிறாய் என்று கேட்பதற்கு முன் நெய்னா குனிந்து அதைப் பொறுக்கினான். வயது வந்த நாளிலிருந்து கல்லையே தொட்டுப் பழகிய கை, அது தன் பாட்டுக்கு நீண்டது. இரண்டு விரல் நடுவே பிடித்து ட்யூப் லைட்டுக்கு நேராகத் தூக்கி, ஒரு கண்ணை மூடி, திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"நீரோட்டம் இருக்கு" என்றான். அதுதான் அவன் சொன்ன முதல் வார்த்தை.

ஜெய்னம்பு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "என்னது?" என்றாள்.

"உன் கண்ணுலேர்ந்து விழுந்ததுதான். ரேகை ஒண்ணும் இல்ல. சுத்தமா இருக்கு."

அவள் எட்டிப் பார்த்தாள். துவரம்பருப்பு அளவில், ஒரு முனை கூர்ந்து, உள்ளே லேசாக நீலம் ஓடும் கல். "ஓ" என்றாள். அடுப்பில் சோறு கொதிக்கும் சத்தம் கேட்டு எழுந்து போனாள். எங்கள் சந்தில் அதிசயம் இப்படித்தான் நுழைந்தது, சோறு குழையாமல்.

கீழக்கரையிலிருந்து வந்து கல் வியாபாரம் செய்பவர்கள் அங்கே பல தலைமுறையாக இருக்கிறார்கள். எங்கள் வழக்கப்படி ஆண்கள் சபர் போவார்கள். அதாவது கடல் கடந்து பிழைக்கப் போவார்கள். பெண்கள் ஊரில், தாய் வீட்டோடு இருப்பார்கள். வீடு பெண்ணுக்குத்தான், அவள் அதைவிட்டு எங்கே போவாள்? ஜெய்னம்பு போனதற்குக் காரணம் அவள் உம்மா. பிள்ளை பிறக்கவில்லை என்று ஊரில் ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தபோது உம்மாவே பெட்டியைக் கட்டி வைத்து, "உன் வாப்பாவ நான் வருஷத்துக்கு ஒரு மாசம் பாத்துக் குடும்பம் நடத்துனேன். அவுக மவுத்தானப்ப மூஞ்சி எப்படி இருக்கும்னு நெனச்சுப் பாத்துத்தான் அழுதேன். நீ கூடப் போ" என்று அனுப்பிவிட்டாள்.

போன ஜெய்னம்புக்குத் தாய்லாந்து பாஷை தெரியாது. நெய்னா காலையில் மற்றவர்களின் கல் பொட்டலங்களைப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினால் பொழுது சாய்ந்துதான் வருவான். அவளுக்குத் துணை டி.வி.தான். நாடகங்கள் நீளமாக இருந்தன, எல்லாரும் கத்தினார்கள், யார் யாருக்கு என்ன உறவு என்றே பிடிபடவில்லை. விளம்பரம் அப்படி இல்லை. பேச்சே இல்லாமல் ஒரு ஆளைக் காட்டினார்கள். அவன் சட்டைக் காலரைப் பார்த்தே அவன் எப்படிப்பட்டவன் என்று தெரிந்தது. அவன் வீட்டுக் கதவு திறக்கும் சத்தத்திலேயே உள்ளே யாரும் இல்லை என்று தெரிந்தது. அடுப்பில் தண்ணீர் கொதிப்பதற்குள் அவன் ஆயுசு முழுவதையும் சொல்லி முடித்து, கடைசியில் வெள்ளைத் திரையில் நீல எழுத்தில் ஒரு கம்பெனிப் பெயர் போட்டார்கள். ஊரில் அவள் பார்த்த விளம்பரங்களில் பொருளின் பெயரைச் சொல்லிச் சொல்லியே ஆட்டம் போடுவார்கள். இங்கே கடைசிவரை எதை விற்கிறார்கள் என்றே தெரியாது. விற்பவனுக்கு இவ்வளவு பொறுமை இருக்கும் என்று கல் வியாபாரியின் மனைவியான அவளுக்கே அதுவரை தெரியாது.

அவள் தாய்லாந்து பாஷை படித்ததும் அந்த விளம்பரங்களிலிருந்துதான். அதனால் மார்க்கெட்டில் அவள் பேரம் பேசும் விதம் பெயர் பெற்றது. கத்தரிக்காய் விற்கும் கிழவியிடம், குரலைத் தாழ்த்தி, ஒவ்வொரு வார்த்தையாக, "இன்று மட்டும். உங்கள் அன்புக்குரியவர்களுக்காக" என்பாள். கிழவிகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டு ஒரு பிடி அதிகமாகப் போடுவார்கள்.

அவளை அழவைத்த விளம்பரம் இது. டவுன் பஸ். நடத்துநர் ஒரு பெண். அந்த ஊரில் நடத்துநர்கள் டிக்கெட்டும் சில்லறையும் நீளமான ஒரு உலோகக் குழாயில் வைத்திருப்பார்கள். அதன் மூடியைத் திறந்து மூடித் தட்டுவதுதான் டிக்கெட் கேட்பது. ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் ஒரு கிழவரும் கிழவியும் ஏறுகிறார்கள். கிழவர் இரண்டு விரல் காட்டுகிறார், நடத்துநர் இரண்டு கிழிக்கிறாள். இன்னொரு நாள், மழை, இரண்டு விரல், இரண்டு டிக்கெட். இன்னொரு நாள் கிழவி அவர் தோளில் சாய்ந்திருக்கிறாள், இரண்டு விரல். பிறகு ஒரு நாள் கிழவர் மட்டும் ஏறி, எப்போதும் உட்காரும் இடத்தில் ஜன்னலோரத்தைக் காலியாக விட்டு உட்கார்ந்து, ஒரு விரல் காட்டுகிறார். நடத்துநர் அந்த விரலைப் பார்க்கிறாள். காலி இடத்தைப் பார்க்கிறாள். இரண்டு கிழிக்கிறாள். குழாயை மூடுகிறாள். அவ்வளவுதான். பிறகு கம்பெனிப் பெயர்.

மறுநாள் காலை நெய்னா கல்லை எடுத்துக்கொண்டு சந்தின் பெரிய வியாபாரி சதக்குத்தம்பி ஹாஜியாரிடம் போனான். அவர் வடக்கு ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார். எங்கே கிடைத்தது என்று கேட்டார். நெய்னா சொன்னான். ஹாஜியார் கல்லிலிருந்து கண்ணை எடுக்காமல், "என்ன கம்பெனி?" என்றார்.

"இன்ஷூரன்ஸ் கம்பெனி மாமா."

"அப்ப நம்பலாம்" என்றார் ஹாஜியார்.

அந்த வாரத்திலேயே சந்திலிருந்த எல்லாப் பெண்களும், கொஞ்ச நாளில் ஆண்களும், விளம்பரம் பார்த்து அழுதார்கள். எல்லார் கண்ணீரும் டிக் டிக் என்று விழுந்தது. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. கேட்ட கேள்விகள் வேறு. வெட்ட வேண்டுமா, பட்டை தீட்ட வேண்டுமா? வேண்டாம், வடிவம் பிறவியிலேயே இருக்கிறது. மற்ற ஜாதிக்காரர்கள் அழுதாலும் விழுமா? விழும், மாரியம்மன் கோயிலுக்குப் பூக்கட்டும் பெண் அழுது பார்த்தாள், விழுந்தது. சினிமா பார்த்து அழுதால்? வெறும் தண்ணீர். வெங்காயம் உரித்தால்? தண்ணீர். சொந்தத் துக்கத்துக்கு அழுதால்? அதற்கும் தண்ணீர்தான், சம்பந்தம் முறிந்த செய்தி வந்து ஒரு வீட்டில் மூன்று பெண்கள் ஒன்றாக அழுதபோது, ஆறுதல் சொல்ல வந்தவர்கள் பாயைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

மார்க்கக் கேள்வியும் எழுந்தது. தொழவைக்கும் லெப்பை தாடியைத் தடவிக்கொண்டு, "பால் குடுக்குற செவிலித்தாய்க்குக் கூலி உண்டு. அது தெளிவா இருக்கு. கண்ணீரப் பத்தி எங்கேயும் பாக்கல. ஆனா டி.வி. பாக்கக் கூடாதுன்னு நான் போன வருஷமே சொன்னேன். அப்ப கேட்டீங்களா?" என்றார்.

"அழுறதுக்காகத்தானே பாக்குறோம் லெப்பை" என்றார் ஹாஜியார்.

"அழுறது நல்லதுதான்" என்று லெப்பை ஒத்துக்கொண்டார்.

முதல் நஷ்டம் எங்கள் தொழில் புத்தியால் வந்தது. எங்கள் ஆட்களால் ஒரு கல்லை இருக்கிறபடி விட முடியாது. மங்கலாக இருந்தாலும் சூடு போடுவோம், நன்றாக இருந்தாலும் இன்னும் நன்றாக வருமே என்று சூடு போடுவோம். தீயைப் பார்க்காத கல் எங்களுக்குப் பாதிக் கல். ஆகவே முதலில் சேர்ந்த துளிகளையெல்லாம் பொறுக்கி, சந்தாபுரியில் உலை வைத்திருப்பவனிடம் கொண்டுபோய், மூசையில் போட்டு, மண் பூசி, தீயில் ஏற்றினார்கள். ஆறியபின் உடைத்தால் மூசை காலி. ஓரத்தில் மட்டும் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. உலைக்காரன் அதை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, "உப்பு" என்றான். அதற்குப் பிறகு யாரும் துளியைச் சுடவில்லை. ஆனால் சுட முடியாத கல்லைக் கையில் வைத்திருக்கிறோமே என்ற சங்கடம் எல்லாருக்கும் கடைசிவரை இருந்தது.

இரண்டாவதாகத் தெரிந்துகொண்டது முக்கியமானது. திரையில் கம்பெனிப் பெயர் வருவதற்கு முன் விழுந்த துளிகள் சுத்தமாக இருந்தன. பெயர் வந்தபின் விழுந்தவற்றில் மயிரிழை போல ஒரு கீறல் ஓடியது. பெயரைப் படித்துக்கொண்டே அழுதால் கல் முழுக்கவே மங்கல். அதிலிருந்து எங்கள் சந்தின் பேச்சே மாறிப்போனது. அதுவரை காரட்டும் சாயமும் தவிர வேறு எதையும் பேசியறியாத ஆட்கள், தேநீர்க் கடையில் உட்கார்ந்து, எந்த டைரக்டர் பெயரைக் கடைசிவரை அடக்கி வைக்கிறான், எவன் அவசரப்பட்டு முன்னாலேயே மூலையில் போட்டுக் கெடுக்கிறான் என்று வாதாடினார்கள். சமையல் எண்ணெய்க்காரன் பாட்டுப் போட்டு அழவைக்கிறான், அது நிற்காது, சிமெண்ட்காரன் பரவாயில்லை, மின்விசிறிக்காரன் நாயைக் காட்டுகிறான், நாய் மலிவு. இன்ஷூரன்ஸ்காரன்தான் கலைஞன்.

"பஸ்ஸுக்குள்ள அந்த வெளிச்சத்தப் பாத்தீங்களா?" என்று ஹாஜியார் ஒரு நாள் கேட்டார். "காலை நேரத்து வடக்கு ஜன்னல் வெளிச்சம். நாம கல்லு பாக்குறோமே, அதே வெளிச்சம். அதுல பொய்க் கல்லு நிக்காது. அவன் அதுலேயே பொய்யக் காட்டி நிக்க வெச்சிருக்கான்." அவர் குரலில் பொறாமை இருந்தது.

பிறகு வரத்துக் குறைந்தது. எந்த விளம்பரமும் பார்க்கப் பார்க்கப் பழகிப் போகும். கிழவர் ஒரு விரலை எடுப்பதற்கு முன்பே எங்களுக்கு அது தெரிந்துவிட்டது. பெண்கள் டி.வி. முன்னால் உட்கார்ந்து மொச்சை உரித்தார்கள். சிலர் நன்றாகக் குனிந்து முயற்சி செய்து பார்த்தார்கள். கழுத்துச் சுளுக்கியதுதான் மிச்சம். கம்பெனிகளோ அழுகைக் காலம் முடிந்தது என்று சிரிப்பு விளம்பரங்களுக்கு மாறிவிட்டன.

ஜெய்னம்புக்கு மட்டும் பழகவில்லை. எத்தனையாவது தடவை போட்டாலும், நடத்துநர் காலி இடத்தைப் பார்க்கும் இடம் வந்ததும் அவள் கண் நிறைந்தது. கீறல் இல்லாத துளிகள். அவள் அப்பாவி என்று சிலர் சொன்னார்கள். பிள்ளை இல்லாதவள், வேறென்ன செய்வாள் என்று சிலர். எப்படியோ, எங்கள் சந்தின் சுரங்கம் அவள் ஒருத்திதான் என்றாகிவிட்டது.

ஹாஜியாரின் வீட்டுக் கூடத்தில் ஏற்பாடு நடந்தது. விளம்பரத்தை சி.டி.யில் பதிந்து வைத்து, பெரிய டி.வி.யில் போட்டார்கள். அந்நிய ஆண்கள் முன்னால் அவள் உட்கார முடியாது என்பதால் நடுவில் பச்சைத் திரை தொங்கவிட்டார்கள். இந்தப் பக்கம் ஜெய்னம்பு, ஹாஜியாரின் மனைவி ராவியத், கணவன் என்ற உரிமையில் நெய்னா. அவன் கறுப்பு வெல்வெட் விரித்த தட்டை அவள் தாடைக்குக் கீழே ஏந்திப் பிடித்துக்கொண்டிருப்பான். அந்தப் பக்கம் வியாபாரிகள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். வெல்வெட்டில் விழுந்தால் சத்தம் வராது என்பதால், அவர்கள் திருப்திக்காக வெல்வெட்டை எடுத்துவிட்டு வெறும் தட்டு வைத்தார்கள். டிக். "மாஷா அல்லாஹ்." டிக். "மாஷா அல்லாஹ்." ராவியத் மாமி இடையிடையே, "தண்ணி குடிம்மா, உள்ள காய்ஞ்சிடப் போவுது" என்று இளநீர் நீட்டுவாள்.

நெய்னா அந்த விளம்பரத்துக்கு ஒருமுறைகூட அழுததில்லை. பார்த்ததே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். கதை தெரியும். ஆனால் அது ஓடும் நேரமெல்லாம் அவன் கண் தட்டின்மேல் இருந்தது.

அந்த மாதங்களில்தான் ஊரிலிருந்து உம்மா போன் செய்ய ஆரம்பித்தாள். உம்மாவின் கண்ணுக்குள் நீர் அழுத்தம் கூடி, ஓரத்திலிருந்து இருட்டிக்கொண்டு வருகிறது என்று மதுரை டாக்டர் சொல்லிவிட்டார். போனது திரும்பாது, இருப்பதை மருந்து ஊற்றிக் கொஞ்ச காலம் இழுக்கலாம்.

"இப்ப எம்புட்டு தெரியுதும்மா?" என்று ஜெய்னம்பு கேட்பாள்.

"நேரா வெச்சாத் தெரியுது. பக்கத்துல நிக்கிறவளத் தெரியல. சாவி ஓட்டைக்குள்ள பாக்குற மாதிரின்னு வெச்சுக்க. அதுக்குள்ள நீ வந்து நின்னா நீயும் தெரிவே."

"வர்றேன்மா."

"அவசரமில்ல" என்பாள் உம்மா. "ஆனா சொல்லிட்டு வராதே. சொன்னா நான் வாசலையே பாத்துக்கிட்டு இருப்பேன், இருக்குறதும் தேஞ்சிடும்."

ஜெய்னம்பு நெய்னாவிடம் கேட்டாள். அவன் கெட்டவன் இல்லை. பிறர் பொட்டலத்தைச் சுமந்து, பிறருக்காகக் கைக்குட்டைக்குள் விரல் பிடித்து விலை பேசி, இருட்டியதும் பொட்டலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெறுங்கையாக வீட்டுக்கு வந்தே பாதி ஆயுசைக் கழித்தவன். இப்போது முதல்முறையாகக் கல் அவனுடையது. ஹாஜியார் அவனை 'வாங்க நெய்னா' என்று சொல்லி நாற்காலி போட்டார். "ஹாங்காங் கண்காட்சி முடியட்டும்" என்றான். கண்காட்சி முடிந்தது. "நோன்பு கழியட்டும்" என்றான். பெருநாளும் வந்தது, போனது. "ஒரு பெரிய ஆர்டர் வந்திருக்கு ஜெய்னம்பு, ஒரு மாலைக்கு வேணுமாம், எல்லாம் ஒரே அளவுல. அத முடிச்சிட்டு நானே கூட்டிட்டுப் போறேன்."

"ஒரே அளவுல எப்படிங்க அழுறது?" என்றாள் அவள்.

அவன் யோசித்தான். உண்மையாகவே யோசித்தான். "கண்ண அடிக்கடி மூடித் தொறந்து பாரேன்" என்றான்.

அவள் இமைகள் வீங்கிச் சிவந்திருந்தன. கல் விழும்போது வலிப்பதில்லை, ஆனால் ஓரத்தில் உறுத்தும். கண்ணாடி பார்ப்பதை விட்டுவிட்டாள். உம்மாவுக்குக் கண் இருட்டுவதற்குள் போகவேண்டும். போவதற்கு மாலை முடியவேண்டும். மாலை முடிய இன்னும் அழவேண்டும். அழுவதற்கு அவளுக்குக் காரணம் தேவைப்படவில்லை. விளம்பரம் மட்டும் போதும். சொந்தக் கவலைக்கு அவள் குளியலறையில் தனியாக அழுதாள், அது தண்ணீராக ஓடிச் சாக்கடைக்குப் போனது, யாருக்கும் நஷ்டமில்லை.

சந்து முனையில் கண்ணாடிப் பெட்டி வண்டியில் பழம் வெட்டி விற்கும் மாலி என்ற தாய்லாந்துப் பெண் பல வருஷமாக நிற்கிறாள். அகலமான தொப்பி, மூக்குவரை துணி. அவள் முகத்தை யாரும் பார்த்ததில்லை, பார்க்க நினைத்ததும் இல்லை. ஒரு மதியம் ஜெய்னம்பு கொய்யா வாங்க நின்றாள். மாலி கொய்யாவைச் சீவிவிட்டு, வண்டி ஓரத்தில் கொத்தாகத் தொங்கிய பிளாஸ்டிக் பைகளிலிருந்து ஒன்றைக் கிழித்தாள். மணிக்கட்டை உள்பக்கமாக ஒரு திருப்பு, பிறகு சட்டென்று கீழே. ஜெய்னம்புவின் கண் தன் வழக்கப்படி நிறைந்தது. அதற்குப் பிறகுதான் அவளுக்குப் புரிந்தது.

"பீ" என்றாள். அந்த ஊரில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். "நீங்க பஸ்ஸுல இருந்தீங்க."

"எந்த பஸ்ஸு?"

"விளம்பரத்துல. ரெண்டு டிக்கெட்."

மாலி கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் துணியை இறக்கினாள். அதே முகம்தான், கொஞ்சம் கறுத்திருந்தது. "அட" என்று சிரித்தாள். "என் கூடப் பொறந்தவளே கண்டுபிடிக்கல. நீ எப்படிக் கண்டுபிடிச்சே?"

"கையப் பாத்து."

"அவனும் கையப் பாத்துத்தான் கூட்டிட்டுப் போனான். டைரக்டர். பழம் வாங்க வந்தவன், நான் பை கிழிக்கிறதப் பாத்துட்டு, வேற நடிகையெல்லாம் வேணாம்னுட்டான்."

"அந்தத் தாத்தா இப்ப எப்படி இருக்கார்?"

"யாருக்குத் தெரியும்? நான் அவரப் பாத்ததே இல்லையே. அவர வேற நாள்ல எடுத்தாங்க. என் முன்னால ஒரு குச்சி நட்டு, அதுல ஒரு செவப்பு டேப் ஒட்டி, அதப் பாருன்னாங்க. அந்த டேப்புதான் தாத்தா."

ஜெய்னம்புவுக்குத் தெரிந்த தாய்லாந்து பாஷையெல்லாம் எதையாவது வாங்கச் சொல்லும் பாஷை. கையைக் காட்டி, முகத்தைக் காட்டி, "அப்ப, அந்த முகம்? ரெண்டு கிழிக்கிறப்ப இருந்த முகம்?" என்றாள்.

"அதுவா." மாலி கொய்யாத் துண்டுகளைப் பைக்குள் போட்டுக்கொண்டே சொன்னாள். "காலையில ஆரம்பிச்சது. கிழின்னான், கிழிச்சேன். திரும்பக் கிழின்னான். அழட்டுமான்னு கேட்டேன். வேணாம். சோகமாப் பாக்கட்டுமா? வேணாம், சும்மா கிழி. பஸ்ஸுக்குள்ள அப்படி ஒரு வெக்கை. மதியம் சோறு போட்டான், திரும்பக் கிழின்னான். தோள்பட்டை கழண்டு விழுந்துடும் போல ஆயிடுச்சு. என் வண்டிய எவன்கிட்டயோ விட்டுட்டு வந்திருந்தேன், வெட்டி வெச்ச பப்பாளியெல்லாம் கெட்டுப் போயிருக்கும். எப்படா வீட்டுக்கு விடுவான்னு இருந்துச்சு. அந்தக் குச்சியப் பாத்தேன். ஒண்ணு கேட்டான்னு ஒண்ணக் கிழிக்கப் போனேன், கை அசந்து ரெண்டு சேந்து கிழிஞ்சிடுச்சு. 'கட், இதுதான்'னு கத்துனான். எல்லாரும் கை தட்டுனாங்க."

"அது இரக்கம் இல்லையா?"

"அசதி" என்றாள் மாலி. மசாலா உப்புப் பொட்டலம் ஒன்றைப் பைக்குள் போட்டு நீட்டினாள். "ஆனா அவன் கெட்டிக்காரன். இரக்கம் வேணும்னு என்கிட்ட கேட்டிருந்தா நான் நடிச்சிருப்பேன், நல்லாவே இருந்திருக்காது."

அன்று சாயங்காலம் ஹாஜியார் வீட்டில் திரை தொங்கியது, தட்டு ஏந்தப்பட்டது, விளம்பரம் ஓடியது. ஜெய்னம்பு இந்தத் தடவை கிழவரைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தாள். தோளை ஒருபக்கம் சாய்த்து மாலி நிற்கும் விதத்தை, இமை தானாகக் கீழே இறங்குவதை, கிழித்துக் கிழித்துக் கிழித்து இனி எதையும் கேட்காத அந்த விரல்களைப் பார்த்தாள். அவளுக்கு இதுவரை வராத அழுகை வந்தது. தோள் குலுங்க, சத்தமாக, மூக்கு ஒழுக அழுதாள். திரைக்கு அந்தப் பக்கம் வியாபாரிகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். இவ்வளவு பெரிய அழுகையை அவர்கள் கேட்டதில்லை.

டிக் சத்தம் வரவில்லை.

"என்ன நெய்னா?" என்று ஹாஜியாரின் குரல் வந்தது. "பேரு வந்துடுச்சா?"

"இல்ல மாமா. இன்னும் வரல."

"வெல்வெட்டு போட்டிருக்கியா?"

"இல்ல மாமா."

நெய்னா தட்டைச் சாய்த்துப் பார்த்தான். தண்ணீர் ஒரு மூலைக்கு ஓடியது. தட்டைக் கீழே வைத்துவிட்டு உள்ளங்கையை அவள் தாடைக்குக் கீழே வைத்தான். கை நனைந்தது, சூடாக இருந்தது. அதை என்ன செய்வது என்று தெரியாமல் நீட்டியபடியே வைத்திருந்தான். அந்தக் கையில் இதுவரை விழுந்த எதற்கும் அவனால் ஒரு விலை சொல்ல முடிந்திருக்கிறது.

டி.வி.யில் வெள்ளைத் திரையும் நீல எழுத்தும் வந்தன. ஜெய்னம்பு அதுவரை காத்திருந்தவள் போல முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்கு அசதியா இருக்கு" என்றாள். "நான் ஊருக்குப் போறேன்."

"மாலைக்கு இன்னும் கொஞ்சம்தானே..." என்று ராவியத் மாமி ஆரம்பித்தாள்.

"அவள விடு" என்று திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஹாஜியார் சொன்னார். அனுபவப்பட்ட வியாபாரி. தீர்ந்துபோன சுரங்கத்தின் முன்னால் அவர் அதிக நேரம் உட்கார்ந்ததில்லை. செருப்புகள் தேயும் சத்தம் கேட்டது. எல்லாரும் மஃரிப் தொழப் போனார்கள்.

அவள் போன பிறகு எங்கள் சந்தில் யார் கண்ணிலிருந்தும் எதுவும் கல்லாக விழவில்லை. விற்ற துளிகளை யாரும் திருப்பிக் கொண்டுவரவும் இல்லை. கொஞ்ச நாளில் தேநீர்க் கடையில் மறுபடி காரட்டும் சாயமும் பேசினார்கள். பச்சைத் திரையை ராவியத் மாமி ஜன்னலுக்குத் தைத்துப் போட்டாள். முடியாத மாலையை மூளிக் கல் வைத்து முடித்தார்கள், வாங்கியவனுக்குத் தெரியவில்லை. நெய்னா மறுபடியும் பிறர் பொட்டலங்களைச் சுமந்துகொண்டு பஸ்ஸில் போனான், பஸ்ஸில் வந்தான்.

ஒரு காலை, பஸ் ஆஸ்பத்திரியைத் தாண்டும்போது அவன் போன் அடித்தது. ஜெய்னம்பு. நாள் கணக்கில் பேசாதிருந்தவள்.

"உம்மா எப்படி இருக்காக?" என்றான்.

"நல்லா இருக்காங்க. சாப்புடுறாங்க."

"ஒன்னய..." என்று இழுத்தான்.

"நான் வாசல்ல வந்து நின்னேன். சொல்லாமத்தான் போனேன். உம்மா நேரா என்னயத்தான் பாத்தாங்க. 'யாரோ உசரமா வந்திருக்காப்புல இருக்கு, யாருன்னு வந்து பாரு'ன்னு உள்ள திரும்பி வேலைக்காரியக் கூப்புட்டாங்க." அவள் குரல் சாதாரணமாக இருந்தது. "பெருநாளைக்கு வந்திருந்தா தெரிஞ்சிருக்கும்னு டாக்டர் சொன்னார்."

நெய்னா போனை மறு காதுக்கு மாற்றினான்.

"நான் இங்கேயே இருந்துக்கறேங்க. மருந்து ஊத்த ஆள் வேணும். வருஷத்துக்கு ஒரு மாசம் நீங்க வாங்க. எல்லாரும் அப்படித்தானே இருக்காங்க." கொஞ்சம் நிறுத்தி, "ரசத்துக்குப் புளி ரெண்டாவது டப்பாவுல இருக்கு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

போனைப் பைக்குள் வைத்தான். பஸ்ஸில் கூட்டம் இல்லை. அவன் பக்கத்தில் ஜன்னலோரம் காலியாக இருந்தது. நடத்துநர் பெண் அருகில் வந்து குழாயைத் தட்டினாள். அவன் நிமிராமல் இரண்டு விரல் காட்டினான். ஞாயிற்றுக்கிழமைகளில் மார்க்கெட்டுக்குப் போகும்போது காட்டிப் பழகிய விரல்கள், அவை தம் பாட்டுக்கு எழுந்தன. நடத்துநர் காலி இடத்தைப் பார்த்தாள். அவளுக்கு அது காலை முதல் எத்தனையாவது நடையோ. ஒன்றும் கேட்காமல் இரண்டு கிழித்துக் கொடுத்தாள்.

டிக் என்று ஒரு சத்தம் கேட்டது.

நெய்னா உடனே குனிந்தான். இருக்கைக்குக் கீழே, செருப்புக்குப் பக்கத்தில், பலகை இடுக்கில், விரலால் தடவித் தேடினான்.

"என்ன விழுந்துச்சு?" என்றாள் நடத்துநர். கையிலிருந்த குழாயை மறுபடி திறந்து மூடினாள். டிக்.

"ஒண்ணுமில்ல" என்று அவன் நிமிர்ந்தான். கன்னம் ஈரமாக இருந்தது. இரண்டு டிக்கெட்டில் ஒன்றால் அதைத் துடைத்தான். மெல்லிய காகிதம், சட்டென்று ஊறிப் போனது.